வரி கட்டுவது நீங்கள் மட்டுமல்ல

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரே புலம்பல்தான். "ஆடிட்டர் சார், நாங்க கட்டுற வரியிலதான் ஊருக்கெல்லாம் இலவசம்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அண்மையில் இதைச் சொன்னவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், புதிய முறையில் வருமான வரியே வரவில்லை. 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அந்த வரம்புக்குள்தான் அவர் வருமானம். அதனால் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் அரசுக்குக் குறையும் என்று பட்ஜெட் உரையிலேயே இருக்கிறது. அந்தச் சலுகையை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

வரி என்றால் வருமான வரி மட்டும்தான் என்கிற நினைப்பை முதலில் விடுங்கள். வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா 299 ரூபாய்க்கு மொபைல் ரீசார்ஜ் செய்கிறார். 18 சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது: 45 ரூபாய் 61 காசு. அவரிடம் பான் கார்டே இல்லாமல் இருக்கலாம், வரி மட்டும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் போகிறது. "அரிசி, காய்கறிக்கெல்லாம் வரி இல்லையே" என்பார்கள். விலக்குப் பெற்ற பொருளை விற்பவருக்கு இன்புட் கிரெடிட், அதாவது தான் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. சாக்கு, பேக்கிங், லாரி டயர் என்று வழியில் யாரோ கட்டிய வரி கடைசியில் விலையில்தான் வந்து உட்காரும். லாரியில் ஊற்றும் டீசலுக்கும் வரி உண்டு.

இதற்கு நேர்மாறான இன்னொரு பேச்சு: "அந்தக் கம்பெனி எத்தனை கோடி ஜிஎஸ்டி கட்டுது தெரியுமா?" அது வாடிக்கையாளரிடம் வசூலித்த பணம். தான் வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி தன் லாபத்திலிருந்து தருவது கார்ப்பரேட் வரி. பேச வேண்டியது அதைப் பற்றி.

2019 செப்டம்பர் 20 அன்று அந்த வரியின் அடிப்படை விகிதத்தை 22 சதவீதமாகக் குறைத்தார்கள். மற்ற பெரும்பாலான வரிக் கழிவுகளை விட்டுக்கொடுத்தால் இந்த விகிதம் கிடைக்கும். சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம். 2024 மார்ச் 31க்குள் உற்பத்தியைத் தொடங்கிய புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம்தான். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அன்றைக்கு அரசே சொன்னது. இப்போது என்னிடம் வரும் சின்னப் பட்டறைக்காரர்களைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து பார்ட்னர்ஷிப்பில் லேத் பட்டறை நடத்தினால், பங்குதாரர் சம்பளம், வட்டி போக மிஞ்சும் லாபத்துக்கு 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. லாபம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் சேர்ந்து கிட்டத்தட்ட 35. ஆயிரம் கோடி லாபம் பார்க்கும் கம்பெனியை விட லேத் பட்டறைக்கு விகிதம் அதிகம்! கணக்கு எழுதும் எங்களுக்கே இது உறுத்துகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சண்டை எல்லாம் ரேஷன் அரிசிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும்தான்.

பேருந்துச் சலுகை பட்ஜெட்டில் செலவாக எழுதப்படும், அதனால் எல்லார் கண்ணிலும் படும். வரிச் சலுகை வராத வருமானம். அது செலவுப் பட்டியலில் வராது. மத்திய பட்ஜெட்டின் வரவு ஆவணத்தில் பின்னிணைப்பாக இருக்கும். அரசு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போயிருக்கக்கூடிய பணம் என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

சலுகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எத்தனை குடும்பங்கள் தொழிற்சாலை வேலையால் தலையெடுத்தன என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஸ்ரீபெரும்புதூரில்தான் நோக்கியா ஆலையும் இருந்தது. 2005இல் மாநில அரசுடன் ஒப்பந்தம், சிறப்புப் பொருளாதார மண்டலம், வாட் வரியை (ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த மாநில விற்பனை வரி) திரும்பப் பெறும் வசதி எல்லாம் கிடைத்தது. பிறகு வரி வழக்குகள் வந்தன. 2014இல் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சலுகை கொடுக்கும்போதே எத்தனை ஆண்டு, எத்தனை வேலை, பாதியில் போனால் என்ன திரும்ப வரும் என்று எழுதி வாங்கச் சொல்வது தொழிலுக்கு எதிரான பேச்சு அல்ல.

அப்புறம் தயவுசெய்து "சிஎஸ்ஆர் செய்யறாங்களே" என்று, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவைக் காட்டி ஆரம்பிக்காதீர்கள். அது குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை. எங்கே செலவழிப்பது என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும். வரி அப்படியல்ல. அதை எதற்குச் செலவிடுவது என்று சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வாக்களிக்கின்றன.

ஃபார்வர்ட் செய்வதற்கு முன் வரிச் சலுகைகள் பற்றிய அந்தப் பட்ஜெட் பின்னிணைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் மாநிலம் பற்றிய சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கையையும் படியுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் சலுகையோடு ஒரு ஆலை வந்தால், அதன் ஒப்பந்த நிபந்தனைகளைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். வணிக ரகசியம் என்று மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.