நடிப்பதற்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை

தென் மாவட்டத்துத் தாய் ஒருவர் சென்ற வாரம் சீரியல் நடிகையான எனக்கு ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் ஒரு தொலைக்காட்சியின் சின்னமும் முத்திரையும் இருந்தன. அவருடைய மகள் கதாநாயகியின் தங்கையாக நடிக்கத் தேர்வாகிவிட்டாள் என்ற வாசகமும் இருந்தது. ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கு, போட்டோ ஷூட்டுக்கு, காஸ்ட்யூம் டெபாசிட்டுக்கு என்று தவணை தவணையாக ஜிபேயில் பணத்தைக் கறந்திருக்கிறார்கள். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போன பிறகு அந்தக் கைப்பேசி எண் அணைக்கப்பட்டுவிட்டது. சேனலில் பேசிப் பணத்தைத் திரும்ப வாங்கித் தர முடியுமா என்று அவர் கேட்டார். அந்தக் கடிதம் சேனலிலிருந்து வந்ததே இல்லை என்பதை, இதற்கு முன் எத்தனையோ பெற்றோருக்குச் சொன்னதைப் போலவே, அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன். புதுமுகம் என்றால் முதலில் கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நடிகருக்குத் தயாரிப்பு நிறுவனம் கால்ஷீட் கணக்கில், அதாவது நடிக்க ஒதுக்கும் நாள் கணக்கில், சம்பளம் தருகிறது. புதுமுகத்துக்கு அது மிகக் குறைவாக இருக்கலாம், கைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் காசு கேட்பது எந்தத் தொழிலிலும் முறையாகாது, எங்கள் தொழிலிலும் ஆகாது. சீரியலில் புடவையும் நகையும் பெரும்பாலும் நாங்களே வாங்குகிறோம் என்பது உண்மைதான். அந்தப் பணத்தைக் கடைக்காரரிடம் கொடுக்கிறோம், அதுவும் வேடம் உறுதியான பிறகு. நடிகர் சங்கத்தில் சேரக் கட்டணம் உண்டு. அதைச் சங்க அலுவலகத்தில் செலுத்தி ரசீது வாங்க வேண்டும், முகம் தெரியாத ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பக் கூடாது.

இந்த ஏமாற்றுக்காரர்கள் பிழைப்பது இன்னொரு தவறான நம்பிக்கையால். சீரியல் நடிப்புக்கு லட்சணமான முகம் போதும், கண்ணில் கிளிசரின் போட்டால் அழுகை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வில்லியாகவும் மாமியாராகவும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகவும் நடித்திருக்கும் நான் சொல்கிறேன்: கிளிசரின் நீரைத்தான் வரவழைக்கும், தொண்டையை அடைக்க வைக்காது. வசனத்தை உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படிப்பார். ஒரு வரியைப் பேசிக்கொண்டே அடுத்த வரியைக் காதில் வாங்க வேண்டும், பார்வையோ எதிரில் இருப்பவரை விட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது. க்ளோசப் எடுக்கும் நேரத்தில் அந்த எதிர் நடிகர் பல நாட்களில் வேறு படப்பிடிப்புக்குப் போயிருப்பார். கேமராவை ஒட்டி யாரோ நீட்டிய கைமுட்டியைப் பார்த்தபடி, உணர்ச்சியே இல்லாமல் படிக்கப்படும் வசனத்துக்கு, இருபது ஆண்டு வஞ்சத்தை முகத்தில் கொண்டுவர வேண்டும். வில்லி வேடத்தில் எனக்கு மிகக் கடினமானது கத்திப் பேசும் காட்சி அன்று. மற்றவர் பேசப் பேச வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் ரியாக்‌ஷன் ஷாட்தான்.

இந்தத் திறமை இருக்கிறதா என்பதைப் புகைப்படத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உண்மையான தேர்வில் உங்களைப் பேச வைப்பார்கள், நடித்த வீடியோவைக் கேட்பார்கள், பிறகு வேடத்துக்குரிய ஒப்பனையுடன் லுக் டெஸ்ட் எடுப்பார்கள். வாட்ஸப்பில் அனுப்பிய ஒரே படத்தைப் பார்த்து இரண்டாம் கதாநாயகி வேடம் தருகிறேன் என்பவன் பொய் சொல்கிறான். இதில் ஆராய ஒன்றுமில்லை.

யார் அழைத்தாலும் சீரியலின் பெயரையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் கேளுங்கள். அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் அலுவலகத்தை நீங்களாகத் தேடி விசாரியுங்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அலுவலகங்கள் பகலில் திறந்துதான் இருக்கின்றன. விடுதி அறைக்கு இரவில் வரச் சொன்னால் போகாதீர்கள், துணையுடன்கூடப் போகாதீர்கள். அளவு பார்க்க வேண்டும் என்று உடலைக் காட்டும் படங்களைக் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அந்தப் படங்கள் பின்னால் மிரட்டலாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை நடிக்க வைப்பவர்கள், ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும் என்றும் விதி இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பற்றிக் கேட்டதும் எரிச்சலடைபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

பணம் போய்விட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காதீர்கள், மகளைத் திட்டிக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். பணம் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் அதை முடக்க முடியும். உரையாடல்களையும் பணம் அனுப்பிய விவரங்களையும் அழித்துவிடாதீர்கள். அந்தத் தாய் அவமானத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார், அவரிடம் எஞ்சியிருந்தது அந்த ஒரு கடிதத்தின் படம் மட்டுமே.