குறைநிரப்பியா, சேர்மானமா?

கறிக்கோழித் தீவனம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ‘வைட்டமின் டி குறைநிரப்பி’ என்ற தொடர் அடிக்கடி தென்படுகிறது. சப்ளிமெண்ட் என்பதற்கு யாரோ ஆக்கிய சொல். பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே எடுத்து எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை.

சப்ளிமெண்டின் வேர், நிரப்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல். போரில் ஆள் குறைந்த ரோமானியப் படைக்குப் புதிதாகச் சேர்த்த வீரர்களையும் இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். வைட்டமின், 1912-இல் காசிமிர் ஃபங்க் ஆக்கிய சொல். உயிர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும் அமீன் என்னும் வேதிப்பெயரையும் ஒட்டவைத்தார். வேர்க்கதை அவ்வளவுதான்.

‘குறைநிரப்பி’ ஆக்கியவர் லத்தீன் வேரை ஒழுங்காகத்தான் பெயர்த்திருக்கிறார். கோழிப்பண்ணையில் என்ன நடக்கிறது என்று பார்க்க மறந்துவிட்டார். குறைநிரப்பி என்றதும் படிப்பவர் மனதில் என்ன தோன்றும்? கோழிக்கு ஏதோ நோய், அதற்கு வைத்தியம். ஆனால் பொரித்து வந்த குஞ்சு கொத்தும் முதல் தீவனத்திலேயே வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி-3 கலந்திருக்கிறது. மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் இந்தச் சத்து ஏறக்குறைய இல்லை. வெயில் பட்டால் கோழி தானே ஆக்கிக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் இறகு மூடாத கால், பாதத் தோலில். கொட்டகைக்குள்ளேயே வளர்ந்து ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் கறிக்கோழிக்கு ஏது வெயில்? 1920-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் ஆகியோர் அடைத்து வளர்த்த குஞ்சுகளின் கால் ஏன் தளர்கிறது என்று ஆராய்ந்தபோது, வெளிச்சத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

“குறை தீவனத்தில் இருக்கிறது, கோழியில் இல்லையே” என்று வாதிடலாம். இருக்கட்டும், அளவைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் 1994 அட்டவணை, கறிக்கோழிக்குக் கிலோ தீவனத்தில் வைட்டமின் டி-3 200 அலகு (வைட்டமினை அளக்கும் பன்னாட்டு அளவு) போதும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்பு 5,000 அலகு. தீவன ஆலைகள் போடுவதும் ஆயிரக்கணக்கில்தான். வேகமாக வளரும் இனத்தின் கால் எலும்பு தாங்க வேண்டும், தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டிலும் சேமிப்பிலும் கொஞ்சம் அழியும் என்று பல கணக்குகள். குறை 200 என்றால் மீதி எதை நிரப்புகிறது? மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். அதனால்தான் வரம்பே வைத்தார்கள். ‘நிரப்பி’ என்ற சொல்லில் அந்த எச்சரிக்கை துளியும் இல்லை.

சப்ளிமெண்டைச் சிலர் ‘துணை உணவு’ என்கிறார்கள், அது இன்னும் மோசம். 5,000 அலகு என்பது 125 மைக்ரோகிராம், கண்ணில்கூடப் படாது. அதைப் போய் உணவு என்பதா? ‘ஊட்டமருந்து’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிராய்லருக்கு ஊசி போட்டு வீங்க வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஊரே நம்புகிறது, நீங்கள் வேறு எண்ணெய் ஊற்றாதீர்கள்.

என் பரிந்துரை சேர்மானம். சித்த மருந்துக்கும் சமையலுக்கும் பழகிய சொல். வேதியியலின் ‘சேர்மம்’ போல ஒலிக்கிறதே என்பார்கள். ஒலிக்கட்டும், தீவன மூட்டையைப் பார்த்து யாரும் அப்படிக் குழம்பப் போவதில்லை. அப்புறம், பெயர்ச்சொல் எல்லா இடத்திலும் தேவையும் இல்லை. ‘வைட்டமின் டி-3 சேர்த்த தீவனம்’ என்றால் முடிந்தது. டி-3 என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூஞ்சையிலிருந்து வரும் டி-2 கோழிக்குச் சரியாகப் பயன்படாது. டி-3 பெரும்பாலும் ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது.

வைட்டமினை ‘உயிர்ச்சத்து’ ஆக்கலாமா? தாராளமாக, நல்ல தமிழ். இலங்கையில் ‘விற்றமின்’ என்று எழுதுகிறார்கள், அதிலும் குறையில்லை. என் கோபம் கடன் சொல் மேல் இல்லை. தீவனம் என்று அழகான சொல் இருக்கும்போது, ‘கோழிகளின் உணவுமுறை’ என்று கோழி ஏதோ பத்தியம் இருப்பதுபோல எழுதுகிறார்களே, அவர்கள் மேல்தான். வைட்டமின் டி போதாமல் எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயை ‘எலும்புருக்கி’ என்று பெயர்ப்பவர்களும் உண்டு. எலும்புருக்கி காசநோயின் பழைய பெயர். பண்ணைக்காரர் அதைப் படித்துவிட்டுக் கோழிக்குக் காசநோய் என்று பதறினால் யார் பொறுப்பு?