அனியூரிசம் என்றால் வீக்கமா, கட்டியா?

மூளையில் இரத்தக்கசிவு என்று ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், வீட்டில் இருப்பவர்கள் போனில் சொந்தக்காரர்களுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்: "மூளையில நரம்பு வெடிச்சிடுச்சு." செய்திகளிலும் அதே வரியைத்தான் கொஞ்சம் இலக்கணம் சேர்த்துப் போடுகிறார்கள். உண்மையில் நரம்பு வெடிக்காது, அதற்குள் பீறிட்டு வருவதற்கு எதுவும் ஓடவில்லை. வெடிப்பது இரத்தக்குழாய். பேச்சுத் தமிழில் எல்லாமே நரம்புதான். புறங்கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, ஊசி ஏற்றுவதும் நரம்பில், தளர்ச்சி வந்தாலும் நரம்புத் தளர்ச்சி. பேச்சுக்கு அது போதும், அதில் யாரையும் திருத்தப் போக வேண்டியதில்லை. ஆனால் கையில் கொடுக்கிற ரிப்போர்ட்டில் அனியூரிசம், எண்டோவாஸ்குலர், காயிலிங், எம்போலைசேஷன் என்று வரிசையாக வரும்போது ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது, தமிழில் எப்படிச் சொன்னால் குழப்பம் வராது என்று தெரிந்திருப்பது நல்லது.

இரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகி வெளியே பிதுங்கி நிற்பதுதான் அனியூரிசம். அது கிரேக்கச் சொல். மூலம் 'அனியூரிஸ்மா', அதற்குள் இருப்பது 'யூரிஸ்', அதாவது அகலமானது. முன்னால் வரும் 'அனா' என்ற ஒட்டுக்கு மேலாக, முழுக்க என்றெல்லாம் பொருள். சேர்த்தால் 'அகன்று விரிந்தது'. சொல்லின் நடுவே 'நியூர்' என்று காதில் விழுவதால் நியூரோ சம்பந்தப்பட்டது, நரம்பு சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிடத் தோன்றும். ஒரு தொடர்பும் கிடையாது, வெறும் ஒலி ஒற்றுமை. வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியில் வந்தாலும் இதே பெயர்தான்.

சரி, தமிழில் என்ன? புழக்கத்தில் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. 'இரத்தக்குழாய் வீக்கம்' என்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம், எனக்கு அது பிடிக்கவில்லை. வீக்கம் என்றால் அடிபட்டோ நோய்த்தொற்று வந்தோ நீர் கோத்து உப்புவதுதான் நினைவுக்கு வரும், மருந்து சாப்பிட்டால் வற்றிவிடும் என்ற எண்ணமும் கூடவே வரும். போதாக்குறைக்கு 'மூளை வீக்கம்' என்று வேறொரு நிலையே இருக்கிறது, மூளைத் திசுவில் நீர் கோப்பது. அனியூரிசம் வெடித்தவருக்கு அந்த மூளை வீக்கமும் வரலாம் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் டாக்டர் எதைச் சொல்கிறார் என்றே பிடிபடாது. 'கட்டி' இன்னும் மோசம். மூளையில் கட்டி என்று காதில் விழுந்த நிமிடமே குடும்பம் புற்றுநோய் வரைக்கும் போய்விடும். 'விரிவு' தவறில்லை, கிரேக்க மூலத்துக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான், ஆனால் குழாய் நெடுக அகன்றிருப்பது போன்ற படத்தைத் தருகிறது. மூளைத் தமனிகளில் பெரும்பாலும் நடப்பது அது இல்லை. சுவரில் ஒரு இடம் பலவீனமாகி, உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் வெளியே பிதுங்கி, சின்னப் பை போலத் தொங்குகிறது, தேய்ந்த டயரின் கிழிசல் வழியே ட்யூப் புடைத்து நிற்பதைப் போல. அந்தப் 'புடைத்து' என்ற சொல்தான் இங்கே சரியாகப் பொருந்துகிறது. "கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்" என்று சொல்கிறோம் இல்லையா, அதே புடைப்பு.

அப்புறம் முன்சொல். 'நாளப் புடைப்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு, தமிழ்நாட்டு வாசகருக்கு அது புரியும், நாளம் என்றால் பொதுவாக இரத்தக்குழாய். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் நாடி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய், நாளம் என்பது திரும்பக் கொண்டுவரும் குழாய். தமிழ்நாட்டுப் பாடநூலில் இவையே தமனியும் சிரையும். ஆக யாழ்ப்பாணத்தில் படித்த ஒருவர் 'நாளப் புடைப்பு' என்பதைச் சிரையில் வந்த கோளாறு என்று படிப்பார், முற்றிலும் எதிர்ப் பொருள். அதனால் தமிழ்நாட்டில் தமனிப் புடைப்பு, இலங்கையில் நாடிப் புடைப்பு என்று எழுதுவதே பிசகில்லாதது. இந்தக் கட்டுரையில் தமனிப் புடைப்பு.

வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பேருக்கு மூளைத் தமனியில் வெடிக்காத புடைப்பு இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க வெடிப்பதே இல்லை, இருப்பதும் தெரிவதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும். மூளையின் அடியில் தமனிகள் வளையமாகச் சேரும் இடம் ஒன்று உண்டு, தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலால் வில்லிஸ் வளையம் என்று பெயர் பெற்றது. தமனி இரண்டாகப் பிரிகிற கவைகளில் இரத்தம் நேராக வந்து மோதுவதால், அந்த வளையத்திலும் அதைச் சுற்றியுமுள்ள கவைகளில்தான் புடைப்பு அதிகம் வருகிறது. புகைபிடிப்பதும் உயர் இரத்த அழுத்தமும் ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய உறவில் இருவருக்கு இருந்தாலும், பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தாலும் வாய்ப்பு அதிகம். வெடித்தால் வரும் தலைவலியை வாழ்க்கையிலேயே மோசமான தலைவலி என்று சொல்வார்கள், மெல்ல ஏறாமல் நொடிகளில் உச்சத்துக்குப் போவது. அப்படி ஒன்று வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஒருமுறை கசிந்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

சிகிச்சைக்கு வருவோம். இங்கேதான் சொற்கள் நிஜமாகவே சிக்கலாகின்றன. குறைந்த ஊடுருவல் சிகிச்சை என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தது. தமிழில் ஊடுருவல் என்றால் எல்லை தாண்டி ஆள் நுழைவது. நுண்துளை சிகிச்சை என்பது இதைவிட நல்ல தமிழ், மக்களுக்கும் பழகிவிட்டது. ஆனால் அது சொல்வது தோலில் போடும் துளையின் அளவை மட்டும்தான், எந்த வழியாகப் போகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. புருவத்துக்கு மேலே சின்னதாகத் திறந்து மண்டையோடு வழியாகவே போய்ப் புடைப்பின் அடியை இறுக்கி மூடும் கிளிப் போடும் முறையும் இருக்கிறது. அதையும் நுண்துளை என்றுதான் சொல்வார்கள். 'எண்டோவாஸ்குலர்' என்ற சொல் சொல்வது வேறு விஷயம். எண்டோன் கிரேக்கத்தில் உள்ளே, வாஸ்குலும் லத்தீனில் சிறு கலம். இரத்தக்குழாய்க்கு உள்ளேயே பயணித்துச் செய்வது என்பது பொருள். ஆகவே தமனிவழிச் சிகிச்சை. மண்டையோட்டைத் திறக்கிறார்களா இல்லையா என்ற கேள்விக்குச் சொல்லே பதில் சொல்லிவிடுகிறது.

நடப்பது இதுதான். கேத் லேப் எனப்படும், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி குழாய் செலுத்தும் அறையில் படுக்கவைத்து, பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசி குத்துகிறார்கள். அதன் வழியே ஒரு கதீட்டர் பெருந்தமனிக்குப் போய்க் கழுத்து வரை ஏறுகிறது. (கதீட்டர் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் கீழே இறக்குவது என்று பொருள், ஆதியில் அது சிறுநீர் எடுக்கும் கருவி. அதனால்தான் தமிழில் வடிகுழாய் என்று வந்தது. இங்கே எதுவும் வடிவதில்லை, எனவே செருகுகுழல் என்று சொல்லலாம், அல்லது கதீட்டர் என்றே விட்டுவிடலாம், குடி முழுகிவிடாது.) அந்தக் குழலுக்குள்ளிருந்து இன்னும் மெல்லிய நுண்குழல் ஒன்று புறப்படுகிறது, அதன் நுனி ஒரு மில்லிமீட்டரை விடவும் மெல்லியது. எக்ஸ்ரே திரையில் தமனிகளின் வரைபடத்தைப் பார்த்தபடியே அதைப் புடைப்பின் வாய்க்குள் நுழைக்கிறார்கள். அப்புறம் பிளாட்டினக் கம்பிச்சுருளை உள்ளே தள்ளுகிறார்கள், ரிப்போர்ட்டில் காயிலிங் என்று வருவது இதுதான். குழலுக்குள் நேராக இருந்த கம்பி வெளியே வந்ததும் தானாகவே வளைந்து சுருண்டு கொள்கிறது. முதல் சுருள் புடைப்பின் சுவரை ஒட்டிக் கூடு கட்டுகிறது, அடுத்தடுத்தவை கூட்டின் உள்ளே நிறைகின்றன. சரியாக உட்காரவில்லை என்றால் வெளியே இழுத்து மறுபடி வைக்கலாம், திருப்தி ஆன பிறகுதான் சுருளைக் கம்பியிலிருந்து கழற்றுவது. கழற்றும் பழைய முறை, மிகச் சிறிய மின்சாரம் பாய்ச்சி இணைப்பைக் கரைப்பது. எவ்வளவு அடைத்தாலும் உலோகம் பிடிக்கும் இடம் புடைப்பின் கொள்ளளவில் சுமார் கால்பங்குதான். மீதியை உறைந்த இரத்தமே நிரப்பிக்கொள்கிறது.

மின்சாரத்தில் கழலும் இந்தச் சுருளை உருவாக்கியவர் இத்தாலியரான குய்டோ குல்யெல்மி, 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. 1995இல் அமெரிக்க அரசின் அனுமதி. அதற்கு முன்பே மாஸ்கோவில் மூளை அறுவை மருத்துவர் செர்பினென்கோ கழற்றிவிடக்கூடிய பலூன்களை வைத்து இதே வேலையைச் செய்திருந்தார். இதற்கெல்லாம் வழி திறந்தது 1927இல் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் தெரிய வைத்ததுதான். மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடும் முறையை 1937இல் தொடங்கி வைத்தவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டி.

சுருளா, கிளிப்பா என்ற சண்டை நெடுநாள் நடந்தது. 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐசாட் ஆய்வு, வெடித்த புடைப்புள்ள 2143 பேரை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம். அதிலிருந்து காற்று சுருள் பக்கம் அடிக்கத் தொடங்கியது. ஆனாலும் அது எல்லாருக்கும் பொருந்தும் தீர்ப்பு இல்லை, அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களே இரண்டு முறைக்கும் ஏற்றவர்கள் என்று மருத்துவர்கள் கருதியவர்கள்தான். சுருள் வைத்த புடைப்பில் நாளடைவில் மறுபடி இரத்தம் புக வாய்ப்புண்டு, எனவே ஆண்டுக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னத் துளைதானே என்று இதை லேசாகச் சொல்லி விற்பது எனக்கு ஒப்புவதில்லை. சிகிச்சையின் நடுவிலேயே புடைப்பு வெடிக்கலாம், இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்.

எம்போலைசேஷன் என்று ரிப்போர்ட்டில் இருப்பது இந்த அடைக்கும் வேலையைத்தான், 'எம்போலஸ்' கிரேக்கத்தில் முளை, ஆப்பு. இதை 'அடைப்பு' என்று மொழிபெயர்த்தால் ஆபத்து, தமிழில் அடைப்பு என்பது ஏற்கெனவே வியாதியின் பெயர். வேண்டுமென்றே செய்வதை 'அடைத்தல்' என்று எழுதினால் தீர்ந்தது.

புடைப்பின் வாய் அகலமாக இருந்தால் சுருள் நழுவித் தமனிக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க வாயை மறித்து ஸ்டென்ட் வைப்பார்கள். ஸ்டென்டுக்குத் தமிழ் தேடிச் சிரமப்பட வேண்டாம், அதுவே ஒரு ஆளின் பெயர்: 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் பல் அச்சு எடுக்கும் கலவையைச் செய்த பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட். வலைக்குழல் என்றாலும் புரியும். இன்னும் நெருக்கமாகப் பின்னிய வலைக்குழலைச் சுருளே இல்லாமல் தமனியில் மட்டும் வைத்தால், புடைப்புக்குள் போகும் ஓட்டம் தளர்ந்து, மாதக்கணக்கில் அது தானாக உறைந்து மூடிக்கொள்ளும். இது ஃப்ளோ டைவர்ட்டர், தமிழில் ஓட்டம் திருப்பும் வலைக்குழல். 2011இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. இவற்றை வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு இன்னொரு இரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். பல் பிடுங்கப் போகிறேன் என்று யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டால் வலைக்குழலே அடைத்துக்கொள்ளும்.

கழுத்துத் தமனியில் புடைப்பு வருவது அபூர்வம், குணமும் வேறு. கழுத்தின் முன்பக்கம் இரு புறமும் ஓடும் கரோட்டிட் தமனியின் பெயர் மயக்கத்தில் ஆழ்த்துவது என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது, அதை அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவதை அக்காலத்தவர் கவனித்திருந்தார்கள். (யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) இங்கே புடைப்பு வெடிப்பதை விட, உள்ளே தேங்கிய இரத்தக்கட்டி உதிர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதுதான் பெரிய கவலை. கழுத்தில் நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் திரட்சியாகத் தெரிந்தால் நெறிக்கட்டி என்று நினைத்து அமுக்கிப் பார்க்கக் கூடாது, ஊசி குத்திச் சதை எடுக்கவே கூடாது. விபத்தில் அடிபட்டோ தமனிச் சுவரின் உள்படலம் கிழிந்தோ இது வந்திருந்தால் பல நேரம் ரிப்போர்ட்டில் 'சூடோ' என்ற முன்ஒட்டும் இருக்கும். பொய்ப் புடைப்பு என்று சொல்லலாம். கிரேக்க அறுவை மருத்துவர் ஆன்டில்லஸ் 2ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே தானாக விரிந்ததையும் காயத்தால் வந்ததையும் வேறுபடுத்திச் சொல்லியிருக்கிறார். பொய் என்றதும் ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமனிச் சுவரின் மூன்று அடுக்குகளும் சேர்ந்து புடைக்கவில்லை, கசிந்த இரத்தத்தைச் சுற்றியுள்ள திசு மட்டும் பிடித்து வைத்திருக்கிறது என்பதே அந்தப் பொய்யின் பொருள். பல நேரம் இதற்குச் சுருளை விட உறை போர்த்திய ஸ்டென்ட் பொருந்தும், தமனிக்குள் புதுச் சுவர் ஒன்றை வைத்துக் கிழிசலை உள்ளிருந்தே மூடிவிடுகிறது. மூளைக்குள் கிளைகள் பிரியும் இடத்தில் அதே உறை போர்த்தியதை வைக்க முடியாது, பக்கத்துக் கிளைகளின் வாயையும் சேர்த்து அடைத்துவிடும்.