அடினைனுக்குத் தமிழ் என்ன?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை மூட்டையை எடை போடக் காத்திருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் போனில் கேட்டாள்: "மாமா, அடினைனுக்குத் தமிழ்ல என்ன?"

அடினைன் என்பது டிஎன்ஏ-வில் இருக்கும் ஒரு வேதிப்பொருள். 1885-இல் ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானியர் இதை மாட்டுக் கணையத்திலிருந்து பிரித்தார். கணையம் ஒரு சுரப்பி. கிரேக்கத்தில் சுரப்பிக்கு 'அடேன்'. அதையே பெயராக்கிவிட்டார். பிள்ளைகளுக்கு மூக்கின் பின்னால் வீங்குமே அடினாய்டு, அதற்கும் இதே வேர்தான். (1888-இல் இதே கோசல் தேயிலையிலிருந்து தியோஃபிலின் என்ற பொருளைப் பிரித்தார். அந்த வகையில் நமக்கும் வேண்டப்பட்டவர்.)

அப்படியானால் 'சுரப்பியம்' என்று பெயர்த்துவிடலாமா? வேண்டாம். கணையத்தில் முதலில் அகப்பட்டது தற்செயல். அடினைன் இல்லாத செல் கிடையாது. டிஎன்ஏ-வில் தைமினோடும் ஆர்என்ஏ-வில் யுராசிலோடும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஜோடி சேர்வது இதுதான். கொழுந்து மூட்டையோடு மேடேறும்போது காலின் தசையில் உடைவது அடினைன் உள்ள ஏடிபி என்ற மூலக்கூறு. அதில் ஆற்றல் தருவது பாஸ்பேட் வால். அடினைன், நொதிகள் பற்றிக்கொள்ளும் பிடி. நொதிகளுக்கு உதவும் என்ஏடி, துணைநொதி ஏ போன்ற மூலக்கூறுகளிலும் அதே பிடிதான்.

தூக்கத்திலும் இதற்குப் பங்குண்டு. அடினைனோடு ரைபோஸ் சர்க்கரை சேர்ந்தால் அடினோசின். விழித்திருக்க விழித்திருக்க அது மூளையில் கூடி, நரம்புச் செல்களில் அதற்கென உள்ள இருக்கைகளான ஏற்பிகளில் உட்கார்ந்து கண்ணைச் செருக வைக்கும். டீ குடித்தால் காஃபின் அந்த ஏற்பிகளில் முந்திப்போய்த் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்ளும், கூட்டமான ஊட்டி பஸ்ஸில் போடுவதுபோல. அடினோசின், காஃபின் இரண்டுக்கும் நடுக்கூடு பியூரின் என்ற ஒரே வளைய அமைப்பு என்பதால்தான் இது நடக்கிறது. செடியே காஃபினைச் செய்வது பியூரின் நியூக்ளியோடைடுகளிலிருந்துதான் (டிஎன்ஏ, ஆர்என்ஏ கட்டப்படும் செங்கற்கள் நியூக்ளியோடைடுகள்). அடினைன் உள்ளதும் அதில் ஒன்று. நாம் கிள்ளும் இரண்டு இலை ஒரு மொட்டில்தான் காஃபின் அதிகம், முற்றிய இலையில் குறைவு.

ஆகவே பெயர் அடினைன் என்றே இருக்கட்டும். வகைப்பெயருக்குத் தமிழில் சொல் இருக்கிறது: நைட்ரஜன் காரம்.

"காரமா? மிளகாய்க் காரமா?" என்று சிரித்தாள்.

அது வேறு. இது அமிலத்துக்கு எதிரான காரம், வடமொழி க்ஷாரம் வழியாக வந்தது. சவுக்காரம், வெங்காரம் என்று நம் வீடுகளில் புழங்கிய காரம்தான்.

"அப்போ பரீட்சையில?"

"அடினைன், ஒரு பியூரின் காரம்னு எழுது" என்பதற்குள் தராசுக்காரர் என் மூட்டையைக் கூப்பிட்டுவிட்டார்.