விமானிக்குக் கேட்கும் அந்தக் 'கீ...'

"கனடாவில் இருக்கிற சித்தி போனில் பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரிக் கேட்குது. பலாலியில் இறங்குகிற விமானத்துக்கு மட்டும் ஏன் மாமா இன்னும் அந்தக் கரகர ரேடியோ?" உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற மருமகன் கேட்டான்.

நியாயமான கேள்விதான். கேட்பதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குக் கோலாலம்பூர் ஒன்றே போதும். 1989 பெப்ரவரியில் அங்கே இறங்க வந்த சரக்கு விமானத்துக்கு, 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'வுக்கு இறங்கு என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். அவர் சொன்னது 2400 அடி. விமானிகள் அந்த முதல் 'டூ'வை இரண்டு என்று எடுக்காமல், 'வரை' என்ற பொருளில் வரும் ஆங்கில 'to'வாக எடுத்துக்கொண்டு, "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார்கள். 400 அடி! விமானி திருப்பிச் சொல்வதே பிழையைப் பிடிக்கத்தான். அன்று அது யார் காதிலும் உறைக்கவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் குன்றில் மோதியது. நால்வரும் இறந்தார்கள்.

சரி, போன் ஏன் கூடாது? போனில் இருவர்தான். வானொலியிலோ அந்த வானத்தில் பறக்கும் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. முன்னால் யார் இறங்குகிறார், ஓடுபாதையில் யார் நிற்கிறார் என்பது பின்னால் வருகிறவருக்கும் கேட்கும். அதனால் ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாய் மூட வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

விமான வானொலி இன்றும் ஏ.எம். அலையின் வீச்சம், அதாவது உயரம், கூடிக் குறைவதில்தான் குரல் இருக்கிறது. வானொலி வாங்கி அதை மட்டுமே பார்க்கும். ஒரே அலைவரிசை என்றாலும் எந்த இரண்டு கருவியும் அச்சொட்டாக ஒரே மீடிறனில் (வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதில்) அனுப்புவதில்லை. 256, 260 ஹேர்ட்ஸ் இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டினால் வினாடிக்கு 4 அடிப்பு, அதாவது சத்தம் 4 தடவை ஏறி இறங்குவது, வருமல்லவா? இங்கே 12 கோடி ஹேர்ட்ஸில் ஆயிரம் பிசகினால், சேர்ந்த அலையின் வீச்சம் வினாடிக்கு ஆயிரம் தடவை ஏறி இறங்கும். அது குரல் இல்லை என்பது வாங்கிக்குத் தெரியாது, 'கீ...' என்று விசிலாக வெளியே விடும்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு இந்த விசில் பழக்கம். சிற்றலையில் இரண்டு நிலையங்கள் நெருங்கினால் இதே சத்தம். என் அப்பப்பாவோ, நான் மிதிப்பதில்தான் பிழை என்று நினைத்து, "கெதியாய்ச் சுத்தடா, செய்தி போகுது!" என்பார். பள்ளிக்கூடத்தில் ஓர் அலைவுகாட்டி (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இருந்தால் பிள்ளைகளுக்கு இதைக் கண்ணாலேயே காட்டலாம். ஆனால் பழைய மாணவர் சங்கங்களின் காசு வாசல் வளைவுக்கே போய்விடுகிறது.

எப்.எம். சுத்தமாகக் கேட்கும், ஆனால் பலமான அலை மெலிந்ததை விழுங்கிவிடும். இடையில் இன்னொருவர் பேசியதே எவருக்கும் தெரியாது. ஏ.எம். அப்படியல்ல, மோதினால் ஊருக்கே கேட்கக் கத்தும். யாரோ பேசினார்கள், திரும்பக் கேட்க வேண்டும் என்பதாவது தெரியும்.

தெரிந்தும் கேட்காமல் விட்டால்? 1977 மார்ச் 27, ஸ்பெயினின் தெனெரீஃப் தீவு, பனிமூட்டம். ஓடுபாதையில் இரண்டு ஜம்போக்கள். கட்டுப்பாட்டாளர் ஒன்றைக் காத்திருக்கச் சொன்ன அதே கணத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் என்றது மற்றது. காத்திருக்க வேண்டிய விமானிகளுக்கு "ஓகே" தெளிவாகக் கேட்டது, பிறகு ஏறக்குறைய 4 வினாடி விசில். அவர்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தார்கள். 583 பேர் இறந்தார்கள். அதன் பின்னர்தான், அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்துச் செய்யும்போதோ தவிர 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள்.

கடலுக்கு மேலே பறக்கும்போது எழுத்துச் செய்தியும் போகிறது. இறங்கும் கடைசி நிமிடங்களில் தட்டச்சுக்கு நேரமில்லை, அங்கே குரல்தான்.

மருமகனுக்குச் சிற்றலை பிடிக்கும் பழைய பெட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். டைனமோ தேவைப்படாது.