பட்டறிவு எப்போது விவேகமாகிறது?

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் நேரம் போவதே தெரியாது. கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமென்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து மட்டம் தட்டுகிறார்கள். பூவின் முகம் அடியில் இருக்கிறது. கல் இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் கோடு கலங்கியிருக்கிறதா என்று பார்க்க முடியும். கலங்கியிருந்தால் அடுத்த கலவையில் பதத்தை மாற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கல் போட்ட கைக்கு, கரண்டியில் எடுக்கும்போதே பதம் தெரிந்துவிடுகிறது.

உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் எதிரெதிர் அணி. 2009-இல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். பார்க்கும் தொழிலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது சீக்கிரம் தெரிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் அனுபவம் அறிவாகச் சேரும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். வட்டிக்கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கடல் கடந்து பர்மாவுக்குப் போனவர்கள், கடன் கேட்பவரின் பேச்சையும் வரவையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து ஆளை எடை போடக் கற்றார்கள். ஆனால் 1930-களின் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தபோது, அந்தக் கணிப்பு துணைக்கு வரவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களின் நிலம், 1938-இல் சுமார் 25 சதவீதமானது. பணம் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பான் படை வர, அதையும் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களை விவரமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தலைமுறைக்கு ஒரு முறை வரும் சரிவில் பழக யாருக்குத்தான் வாய்ப்பு கிடைக்கும்?

சரி, குடும்ப விஷயங்களில் என்ன நடக்கிறது? பெர்லினில் உளவியலாளர் பால் பால்டெஸ் குழுவினர், “15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள், என்ன யோசிக்க வேண்டும்?” என்பது போன்ற சிக்கல்களைக் கொடுத்து விவேகத்தை அளந்தார்கள். “கூடவே கூடாது” என்று வெட்டிவிடும் பதிலுக்கு மதிப்பெண் குறைவு. அவளுக்கு யார் துணை, எந்த ஊர், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரிக்கும் பதிலுக்கு அதிகம். சுமார் 20 முதல் 75 வயது வரை, வயது கூடியதால் மட்டும் மதிப்பெண் கூடவில்லை.

எங்கள் வீட்டில் பங்கு பிரிக்கும்போது எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆச்சியிடம் போய்ப் புலம்பினேன். பட்டாலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். “ஏப்பா, இதையே அடுத்த வீட்டுப் பையன் வந்து சொன்னா, அவனுக்கு நீ என்ன சொல்லுவே?”

2014-இல் உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் இதைத்தான் சோதித்தார்கள். நண்பரின் சிக்கலுக்கு நிதானமாக வழி சொல்பவர்கள், அதே சிக்கல் தனக்கு வந்ததாக நினைக்கும்போது தடுமாறினார்கள். முதியவர்களும் அப்படியே. வெளியாளாக நின்று யோசிக்கச் சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்தது. பிறகு கிராஸ்மன் குழுவினர் சிலரை ஒரு மாதம் டைரி எழுத வைத்தார்கள், “நான் கோபப்பட்டேன்” என்று எழுதாமல் “அவன் கோபப்பட்டான்” என்பது போல. அவர்களிடம் மற்றவர் பார்வையையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணமும், தனக்குத் தெரியாதது உண்டு என்ற அடக்கமும் கூடின.

ஆச்சி டைரி எழுதியவர் இல்லை.

“முதல்ல அண்ணனைப் போய்ப் பார்க்கச் சொல்லுவேன்” என்றேன்.

“அப்புறம் என்ன?” என்று அடுத்த பூண்டை எடுத்தார்.


அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டு முகப்பில் செருப்பைக் கழற்றினேன்.