கல் இறுகிவிட்டது, ஈயம் அடங்கியதா?

கிளிநொச்சிப் பக்கம் பற்றறி திருத்தும் ஒரு கடை. பின்வளவில் பிளந்த பற்றறிக் கோதுகள், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஈயச் சேறு. ஆனால் கடைக்கார அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியது கிணற்றடியை. அங்கே சீமெந்துக் கற்கள் வரிசையாகப் பதித்திருந்தன.

"கஞ்சலைச் சும்மா கொட்டேல்லைத் தம்பி. சீமெந்தோட குழைச்சுக் கல்லா அரிஞ்சிட்டன். சம்மட்டியால அடிச்சாலும் உடையாது."

நோக்கத்தில் பிழையில்லை. ஈயம் போன்ற பார உலோகக் கழிவைச் சீமெந்தால் கட்டிப்போடுவது உலகில் பல தசாப்தங்களாக நடக்கும் வேலை. அங்கே கல்லின் உறுதியைவிடச் சீமெந்தின் காரம்தான் முக்கியம். அந்தக் காரத்தில் பல உலோகங்கள் கரையாத ஐதரொட்சைட்டாகப் படியும். சீமெந்து இறுகும்போது உண்டாகும் கல்சியம் சிலிக்கேற்றுக் களியும் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும்.

ஈயம் வில்லங்கமானது. அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 9, 10இல் நிற்கும்போதுதான் நன்றாக அடங்கும். புதுச் சீமெந்தின் ஈரமோ 12க்கு மேல். கையால் அள்ளிப் போட்டுக் குழைத்தால் பிஎச் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, ஈயம் சீமெந்து இறுகுவதையே தாமதப்படுத்தும். பற்றறிச் சேற்றிலுள்ள சல்பேற்று பின்னால் கல்லை உள்ளிருந்து வீங்கவைத்து வெடிக்கவும் பண்ணும்.

சம்மட்டிச் சோதனையைப் பற்றியும் சொல்லவேண்டும். கழிவிலிருந்து உலோகம் கசியுமா என்று பார்க்க அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வகுத்த சோதனையில் முதல் வேலையே கல்லை உடைப்பதுதான். 9.5 மில்லிமீற்றருக்குச் சிறிதாக நொறுக்கி, கல்லின் நிறையைப்போல 20 மடங்கு திரவத்தில் ஏறத்தாழ 18 மணித்தியாலம் சுழற்றுவார்கள். அந்தத் திரவத்தில் இருப்பது அசற்றிக் அமிலம், நம் வினாகிரியின் புளிப்பு. கரைந்துவரும் ஈயம் லீற்றருக்கு 5 மில்லிகிராமை எட்டினால் அது அபாயகரமான கழிவு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 0.01 மில்லிகிராம். இடையில் 500 மடங்கு. ஆகவே அந்தச் சோதனையில் தேறிய கல்லைக்கூட நான் கிணற்றடிக்கு விடமாட்டேன்.

வன்னியில் முற்றத்துக் கிணறுதான் பல வீடுகளுக்குக் குடிநீர். மாரியில் வளவில் ஓடும் வெள்ளம் கட்டில்லாத கிணற்றுக்குள் நேரே இறங்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும்.

உண்மையில் பற்றறி ஈயத்துக்குச் சீமெந்தே முதல் வழியல்ல. அது காசு பெறும் உலோகம். பற்றறியைப் பிளக்காமல், அமிலத்தை ஊற்றாமல், முழுசாக, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம். உருக்கி எடுத்தபின் மிஞ்சும் கசடுக்குத்தான் சீமெந்து, அதுவும் ஆய்வுகூடக் கணக்கோடு.

அண்ணை கனநேரம் பேசவில்லை. பிறகு அலவாங்கை எடுத்தார். கற்களைக் கிளப்பி, கூரைக்குக் கீழே தறப்பாள் விரித்து அடுக்கினோம். கிணற்றுத் தண்ணீரின் மாதிரி ஒன்று ஆய்வுக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை அண்ணை வீட்டார் அடுத்த வளவில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள்.